லாபம், ரெண்டு, மூணு: ரிமோட் கார் பந்தயத்துக்குக் கணக்கு எழுதிய கதை

எங்கள் ஊர் குடுபல்லி. ஆந்திரா, சித்தூர் மாவட்டம். பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டைக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்து, தூங்காமலும் இருந்தால், குப்பத்துக்குச் சற்று முன்னால் ஒரு மஞ்சள் போர்டு வேகமாகப் பின்னால் ஓடுவதைப் பார்க்கலாம். அதுதான் எங்கள் ஸ்டேஷன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் அந்த இரண்டோடு கன்னடமும். நீ எந்த மாநிலத்துக்காரன் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல இன்றைக்கும் எனக்கு ஒரு நிமிஷம் ஆகும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்து களத்தில் கேழ்வரகு அளக்கும்போது தாத்தா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். அளக்கிறவர் முதல் படியை "ஒண்ணு" என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார். அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. வியாபாரி தெலுங்கில் எண்ணினாலும் முதல் படி லாபம்தான். பத்துப் படிக்கு ஒரு கூழாங்கல் எடுத்து என் முன்னால் வைப்பார்கள். கல்லுக்குக் காவல் நான். அளக்கிறவர் குரல் கொஞ்சம் இறங்கினாலும் தாத்தா கையை நீட்டி நிறுத்திவிடுவார். "விக்கிறவனுக்கும் கேக்கணும், வாங்குறவனுக்கும் கேக்கணும். உனக்கு மட்டும் கேட்டா அது கணக்கு இல்லப்பா" என்பார்.

இந்தப் பதிவு கேழ்வரகைப் பற்றியது இல்லை. ரிமோட் கார் பந்தயத்தைப் பற்றியது. தாத்தா ஏன் உள்ளே வந்தார் என்பது கடைசியில் தெரியும்.

*

இங்கிலாந்தில் குளிர்காலத்துச் சனிக்கிழமைகளை எப்படிக் கழிப்பது என்பது பிள்ளை வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள பிரச்சினை. நாலரை மணிக்கு இருட்டிவிடும். என் மகனுக்குப் பத்து வயதில் ரிமோட் கார் பித்துப் பிடித்தது. பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கை வாடகைக்கு எடுத்து, தரையில் கம்பளம் விரித்து, பந்தயம் நடத்துகிறார்கள். போட்டியாளர்கள் ஒரு மேடையில் வரிசையாக நின்று ஓட்டுவார்கள். கார் கவிழ்ந்தால் ஓடிப்போய் நிமிர்த்திவிடுவது முந்தைய பந்தயத்தில் ஓட்டியவர்களின் வேலை. அப்பாக்களும் சும்மா இருக்க முடியாது. ஒருவர் டீ போடுவார், ஒருவர் கம்பளம் சுருட்டுவார். நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்று தெரிந்ததும் லாப்டாப் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அதாவது கணக்குப்பிள்ளை.

பார்க்கச் சுலபமான வேலை. பெரும்பாலான பந்தயங்கள் ஐந்து நிமிஷம். அது முடிந்ததும் மணி அடிக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை முடிக்க விடுவார்கள். முடிவு இரண்டு எண்களாக வரும்: எத்தனை சுற்று, எத்தனை விநாடி. அதிகச் சுற்று போனவர் முன்னால். சுற்று சமமாக இருந்தால் குறைந்த நேரம் எடுத்தவர் முன்னால். இறுதிப் பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே கடிகாரம். தகுதிப் பந்தயங்களில் காரை ஒவ்வொன்றாக விடுவதும் உண்டு. அப்போது ஒவ்வொரு காருக்கும் அது கோட்டைத் தாண்டிய நொடியிலிருந்து தனிக் கடிகாரம் ஓடும். யார் முன்னால் போகிறார் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. கணக்கு இல்லை என்றால் பந்தயமே இல்லை.

இந்தக் கணக்கை அந்தக் காலத்தில் எப்படி வைத்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் கிடைத்த கதைதான் இது.

*

ரிமோட் காரின் வயது அப்படியொன்றும் அதிகம் இல்லை. இத்தாலியின் எல்-ஜி நிறுவனம் 1966-இல் ஃபெராரி 250 எல்.எம். மாதிரி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் போட்டிகளுக்கு விதி எழுத 'ரோர்' அமைப்பு 1967-இல் தோன்றியது. எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து மார்டேவ் நிறுவனம் சின்ன எஞ்சின் வைத்த கார்களைச் செய்தது. 1976-இல் ஜப்பானின் டமியா, போர்ஷே 934-ஐ பேட்டரியில் ஓடும் காராக வெளியிட்டதும் விளையாட்டு சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. எட்டில் ஒரு பங்கு அளவுள்ள எஞ்சின் கார்களுக்கான முதல் உலகப் போட்டி 1977-இல் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்தது.

அப்போதெல்லாம் கணக்கு கையால்தான். ஒரு முறை, காருக்கு ஓர் ஆள். தன் கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். இன்னொரு முறை, ஒருவர் கோட்டுக்கு நேராக உட்கார்ந்து தாண்டும் கார்களின் எண்ணை உரக்கச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் அதே வரிசையில் எழுதுவார்: 3, 7, 1, 5, 3, 7... பெரிய கார் பந்தயங்களில் இருந்து வந்த வழக்கம் இது. சொல்கிறவருக்கு எழுத நேரமில்லை, எழுதுகிறவருக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. பத்து கார் ஓடும் பந்தயத்தில், சுற்றுக்கு இருபது விநாடி என்றால், சராசரியாக இரண்டு விநாடிக்கு ஓர் எண் வரும். ஆனால் கார்கள் சராசரியாக வருவதில்லை. நாலு கார் ஒட்டிக்கொண்டு வரும், அப்புறம் ஆறு விநாடி யாரும் வர மாட்டார்கள். ஒரு தும்மல் போதும், ஒரு சுற்று போச்சு.

கையால் எழுதுவதில் இருந்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எண்ணை உரக்கச் சொல்வதால் மேடையில் நிற்கும் ஓட்டுநருக்கும் கேட்கும். தன் எண் விடுபட்டால் அங்கேயே கத்துவார். சண்டை பந்தயத்தின்போதே நடந்து முடிந்துவிடும்.

கணக்குப்பிள்ளைக்கு அக்காலத்தில் இன்னொரு தலைவலியும் உண்டு. கார்கள் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், கிரிஸ்டல் மாற்றிப் போடும் கருவிகளோடு ஓடின. ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு நிறம்: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். ஒரே நிறத்தில் இரண்டு பேர் ஸ்விட்ச் போட்டால் உன் காரை நான் ஓட்டுவேன், இல்லையென்றால் இரண்டும் சுவரில் மோதும். பந்தயத்துக்கு முன்னால் நிறம் சரிபார்ப்பதும் கணக்கில் சேர்த்தி. இரண்டாயிரங்களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

*

சுற்றை எண்ணுவது ஒரு பாடு என்றால் நேரத்தைக் கையால் எடுப்பது இன்னொரு பாடு. இதை நான் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். பொங்கல் கழிந்தால் எங்கள் எல்லைப் பக்கம் மாடு விடும் திருவிழா. மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு மாதிரி மாட்டைத் தழுவுவது இதில் இல்லை. வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒவ்வொரு மாடாக அவிழ்த்துவிட்டு, குறித்த தூரத்தை எத்தனை விநாடியில் தாண்டுகிறது என்று பார்ப்பார்கள். குப்பம் பக்கத்து மாடுகளும் வண்டி ஏறிப் போகும். தமிழ்நாடு 2017-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தில் எருதுவிடும் விழா என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். நான் சிறுவனாகப் பார்த்தபோது ஸ்டாப் வாட்ச்தான். துண்டை ஆட்டுகிறவர் ஒரு கோடியில், வாட்ச் வைத்திருப்பவர் மறு கோடியில். அரை விநாடிக்காகச் சட்டை கிழிந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

கைக்கடிகாரம் பொதுவாக ஒரு பக்கமாகத்தான் தவறும். தொடங்கும் சத்தம் கேட்டு விரல் அழுத்துவதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடுகிறது. முடியும் கோட்டிலோ ஆள் வருவது முன்கூட்டியே தெரிவதால் விரல் தாமதிப்பதில்லை. அதனால் கை எடுத்த நேரம் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மில்கா சிங் 400 மீட்டரில் நாலாவதாக வந்தார். கைக்கடிகாரம் 45.6 விநாடி என்றது, மின்னணுக் கருவி 45.73 என்றது. ஓடிய கால்கள் ஒன்றுதான். 1984 லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடி. மூன்றாவதாக வந்தவர் 55.41. நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கம் போனதை நாம் ஏற்றுக்கொண்டோம். யாரோ ஒருவரின் கட்டை விரல் அதைச் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்போமா?

அதே சமயம் தசம இடங்கள் கூடினால் உண்மையும் கூடும் என்று சொல்ல முடியாது. 1972 மியூனிக்கில் 400 மீட்டர் தனிநபர் கலவை நீச்சலில் ஆயிரத்தில் இரண்டு பங்கு விநாடி வித்தியாசத்தில் தங்கம் முடிவானது. அப்புறம்தான் யோசித்தார்கள், நீச்சல் குளத்தின் எல்லாப் பாதைகளும் அந்த அளவுக்குச் சமமாகக் கட்டப்பட்டிருக்க முடியுமா என்று. நீச்சலில் ஆயிரத்தைக் கைவிட்டு நூறோடு நின்றுகொண்டார்கள்.

*

இனி மெஷின் கதை. 1982-இல் நெதர்லாந்தில் ஏ.எம்.பி. என்ற நிறுவனம் தொடங்கியது. தொடங்கியவர்கள் ரிமோட் கார் பைத்தியங்கள். தங்கள் பந்தயத்தில் சுற்று எண்ணும் தகராறைத் தீர்க்கத்தான் கருவி செய்தார்கள். தரைக்கு அடியில், கோட்டுக்குக் குறுக்கே ஒரு கம்பி வளையம். காரில் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு டிரான்ஸ்பாண்டர். அது தன் எண்ணை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும், நம் ஊர் அளக்கிறவர் மாதிரி. வளையத்துக்கு மேலே வரும்போது அந்தக் குரல் கம்பிக்குக் கேட்கும். கம்பியோடு இணைந்த டீகோடர், எந்த எண், எந்த நொடி என்று ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை குறித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும்.

பொம்மைக் காருக்காகப் பிறந்த இந்த யோசனை பிறகு நிஜக் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்குப் போனது. அதே நாட்டில் மாரத்தான் ஓடுகிறவர்களின் ஷூவில் கட்டும் சாம்பியன்சிப் என்று ஒன்று வந்தது. 1996 பாஸ்டன் மாரத்தானில் அதைப் பயன்படுத்தினார்கள். இரண்டு நிறுவனங்களும் 2008-இல் இணைந்து மைலாப்ஸ் ஆயின. நம்மவர்கள் பலர் இப்போது மாரத்தான் ஓடுகிறீர்கள். எண் அட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும் அந்தச் சில்லுக்குப் பொம்மைக் கார் பந்தயம் ஒன்றுவிட்ட அண்ணன் முறை.

ஆரம்பத்தில் கிளப்பே டிரான்ஸ்பாண்டர்களைச் சார்ஜ் போட்டு வைத்து, ஒவ்வொரு பந்தயத்துக்கும் கொடுத்து வாங்கும். ஐந்தாம் எண்ணை ஆறாம் எண்காரர் மாட்டிக்கொண்டால் ஒருவர் ஓட்டியது இன்னொருவர் பெயரில் ஏறும். பிறகு ஆளுக்கொன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளும்படி, மாறாத தனி எண்ணோடு வந்தன. ஒரு பிழை ஒழிந்தது. வேறு பிழைகள் இருந்தன. டிரான்ஸ்பாண்டரை உலோகத் தகட்டுக்கு மேலே வைத்தால் குரல் அமுங்கிவிடும். படுக்க வைக்க வேண்டியதைச் செங்குத்தாக ஒட்டினால் சில சமயம் கேட்கும், சில சமயம் கேட்காது. மண் தடத்தில் வளையத்துக்கு மேலே கார் உயரமாகத் தாவினால் கேட்காமல் போகலாம். வளையத்தின் மேலேயே கவிழ்ந்து கிடந்தால், போகாத சுற்றும் ஏறலாம். இதைத் தடுக்க, இத்தனை விநாடிக்குக் குறைவான சுற்றை எண்ணாதே என்று மென்பொருளில் ஒரு வரம்பு போடுவோம்.

விடுபட்ட சுற்றைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். 20.4, 20.7, 20.5 என்று போய்க்கொண்டிருக்கும் வரிசையில் திடீரென்று 41.2 என்று ஒன்று இருந்து, மறுபடி 20.6 என்று தொடர்ந்தால் இரண்டே காரணம்தான். கார் எங்கேயோ மாட்டி நின்றிருக்க வேண்டும், அல்லது நடுவில் ஒரு முறை வளையத்துக்குக் கேட்கவில்லை. நின்ற கார் சரியாக இரண்டு மடங்கு நேரம் எடுப்பது அபூர்வம்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நடந்ததைத்தான் இனி எழுதப் போகிறேன்.

*

போன குளிர்காலம், சிறுவர்கள் இறுதிப் பந்தயம். மணி அடித்தது, தாள் அச்சாகி வந்தது. மூன்றாம் இடம் 14 சுற்று, 302.4 விநாடி: என் மகன். நாலாம் இடம் 14 சுற்று, 308.3 விநாடி: இன்னொரு தமிழ்ப் பையன். வாசித்தேன், கைதட்டினார்கள், கோப்பை கொடுத்தாயிற்று. மூன்றாம் இடத்துக்குக் கொடுப்பது உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கோப்பைதான். ஆனால் என் மகனுக்கு அதுதான் முதல் கோப்பை.

எல்லோரும் கம்பளம் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பையனின் தாத்தா வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருப்பவர். குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பி, ஒரு சுற்றுக் குறையுது. நான் பதினைஞ்சு எண்ணினனான்."

கையில் ஒரு கார் பார்க்கிங் சீட்டு. அதன் பின்னால் ஐந்தைந்தாகக் கோடு கிழித்திருந்தார்.

"இல்லீங்க ஐயா, இது மெஷின் எண்ணுறது. தப்பாகாது" என்றேன்.

"மெஷின் பிழை விடாதோ?"

நான் சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனார். பையன் காரைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அச்சான தாள் என் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்க அரை நிமிஷம் போதும். மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் பார்த்தேன். அந்தப் பையன் வரிசையில் பதின்மூன்று சுற்றுகள் இருபதரையை ஒட்டி. ஒன்று மட்டும் 41.2. பதினைந்து சுற்று போயிருக்கிறான். என் மகன் நாலாவது.

பந்தய அமைப்பாளருக்குப் போன் போட்டேன். அடுத்த வாரம் பையனின் காரைப் பார்த்தபோது டிரான்ஸ்பாண்டர் ஒட்டியிருந்த டேப் ஒரு பக்கம் கழன்று, அது சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய மர்மம் ஒன்றுமில்லை.

மகனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தாளைக் காட்டினேன். அவனே அந்த 41.2-ஐக் கண்டுபிடித்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "அப்பா, நேத்தே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. தெரியாததற்குக் காரணம் நான் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம் மூன்றாம் இடத்தில் இருந்த பெயர். வேறு யாராவது அப்பா வந்து வேறு யாரைப் பற்றியாவது கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே தாளை விரித்திருப்பேன். இதையும் அவனிடம் சொன்னேன். பதினோரு வயதுப் பையனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அடுத்த சனிக்கிழமை மைக்கில் திருத்தத்தை நானே வாசித்தேன். கோப்பையை அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். கொடுத்துவிட்டு வந்து, வீடு வரும்வரை காரில் என்னோடு பேசவில்லை.

*

அன்றிலிருந்து மூன்று பழக்கங்கள் வைத்திருக்கிறோம். முடிவை அறிவிப்பதற்கு முன் சுற்று நேரங்கள் முழுவதையும் சுவரில் ஒட்டிப் பத்து நிமிஷம் விடுவோம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். தன் பிள்ளை ஓட்டும் பந்தயத்துக்கு யாரும் லாப்டாப்பில் உட்காரக் கூடாது. இறுதிப் பந்தயங்களுக்கு மெஷினோடு ஓர் ஆளும் கோட்டுக்கு நேராக உட்கார்ந்து எண்களை உரக்கச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் பேனாவால் எழுத வேண்டும். இந்த மூன்றாவது வேலைக்கு யாழ்ப்பாணத்து ஐயாவைத்தான் கேட்டோம். ஊர் திரும்பும்வரை ஒரு வாரம்கூட விடாமல் எழுதினார். சொன்னது நான். இரண்டே முறை அவர் என்னை நிறுத்தி "இன்னும் கொஞ்சம் சத்தமா, தம்பி" என்றார்.

எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. அந்த நெதர்லாந்துக்காரர்கள் செய்த கருவியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் விரலைவிட, என் கண்ணைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அது கம்பிக்கு மட்டும் கேட்கிற மாதிரி எண்ணுகிறது. விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் கேட்க வைப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் வேலை. நான் அன்றைக்குக் கல்லுக்குக் காவல் இருந்தேன், ஒரு கல் குறைகிறது என்று சொன்னவரைப் பார்த்துச் சிரித்தேன்.

கேழ்வரகுக் கதையை மகனுக்குச் சொல்லியிருந்தேன். சுற்றுக்கு ஆங்கிலத்தில் 'லேப்' என்பதால், லாபம் என்பது அதிலிருந்து வந்த சொல் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தானாம். இப்போது சின்னப் பிள்ளைகள் பந்தயத்துக்கு அவன்தான் எழுதுகிறான். முதல் கார் கோட்டைத் தாண்டும்போது "லாபம்" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் பேனாவை வைக்கிறான். பக்கத்தில் உட்காரும் வெள்ளைக்காரப் பையன் அதன் அர்த்தம் கேட்டதற்கு "ஒன்று" என்று சொன்னானாம். நான் திருத்தவில்லை.